மங்களாஜோடியில் ஒரு காலைப்பொழுது

விடியுமுன் புவனேசுவரத்திலிருந்து புறப்பட்டு, சிலிகா ஏரியின் வடகரையிலுள்ள மங்களாஜோடியை அடைந்தோம். 1981இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற ஏரி இது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் வலசைப் பறவைகளை மிகுதியாகக் காணலாம்.

கழி ஊன்றிப் படகைச் செலுத்தியவர், ஒரு காலத்தில் இப்பறவைகளை வேட்டையாடி விற்றவர். இன்று அவர் குடும்ப வருவாய், அவை உயிரோடு திரும்பி வருவதையே நம்பியிருக்கிறது. கோரைகளுக்கிடையே நீலத் தாழைக்கோழிகள். அப்பால் ஊசிவால் வாத்துகள், சேற்றில் அலகு புதைத்து இரைதேடும் கருவால் மூக்கன்கள்.

படமெடுக்க இன்னும் நெருங்கச் சொன்னோம். அவர் மறுத்துவிட்டார், பதறிப் பறந்தால் வலசைக்கென அவை சேர்த்த வலு வீணாகுமாம். எங்களுக்குச் சற்று வெட்கமாகத்தான் இருந்தது. கழியை ஊன்றிப் படகை அங்கேயே நிறுத்தினார். அரைமணி நேரத்தில் அவையே எங்களை நோக்கி மேய்ந்து வந்தன.