நாற்பது மடங்கு போதும்

அம்பத்தூரை ஒட்டிய அயப்பாக்கத்தில், வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளுக்கு நடுவே தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இருக்கிறது. ஆவடியில் இயங்கிவந்த தொழுநோய்க் களப்பிரிவையும் சென்னையிலிருந்த மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனத்தையும் 1999-இல் இணைத்து உருவாக்கினார்கள். மலேரியா ஆராய்ச்சிக்கான களப்பிரிவும் அதே வளாகத்தில் உண்டு. கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் கிடைக்கும் கொசு எந்த இனம் என்று சொல்ல, கொசு ஆராய்ச்சியில் இருப்பவர்கள் முதலில் கை நீட்டுவது ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பிடம்தான்.

பள்ளியில் ஒற்றைக் கண்ணைச் சுருக்கி வெங்காயத் தோலைப் பார்த்தோமே, அது வேறு வகை. அதில் ஒளி கீழிருந்து பொருளை ஊடுருவி வரும். பொருள் மெல்லியதாக இருந்தாக வேண்டும். ஸ்டீரியோவில் பெரும்பாலும் ஒளி மேலிருந்து விழுகிறது. இரண்டு கண்ணுக்கும் இரண்டு தனிப் பாதைகள், சற்றே மாறுபட்ட கோணத்தில். அதனால் மேடு பள்ளம் தெரிகிறது, பிம்பமும் தலைகீழாவதில்லை. லென்ஸுக்கும் பூச்சிக்கும் இடையே ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் இடம் கிடைப்பதால் ஊசியையும் இடுக்கியையும் வைத்து வேலை செய்யலாம். ஹோரேஷியோ கிரீனோ என்ற அமெரிக்க உயிரியலாளர் சொன்ன யோசனையை வைத்து, ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் 1890-களில் செய்துகொடுத்த அமைப்பு இது. உருப்பெருக்கம் பொதுவாக 7 முதல் 45 மடங்கு. பிள்ளைகளுக்கு ‘1000 மடங்கு’ என்று அட்டையில் அச்சடித்த பொம்மைக் கருவியை வாங்கித் தரும் பெற்றோர் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சென்னையின் மலேரியாவைப் பரப்புவது அனோபிலிஸ் ஸ்டீபென்சை. சாக்கடை அதற்கு வேண்டாம். மூடாத தொட்டியின் தெளிந்த நீர் போதும். பெண் கொசுவைக் கருவியின் கீழே வைத்ததும், உறிஞ்சுகுழலின் இருபுறமும் உள்ள உணர்நீட்சிகளைப் பார்க்க வேண்டும். குழல் அளவுக்கு அவையும் நீண்டிருந்தால் அனோபிலிஸ். அந்த நீட்சிகளிலும் கால்களிலும் வெளிர்ப் புள்ளிகள் தெளித்தாற்போல் இருந்தால், ஸ்டீபென்சையாக இருக்கலாம் என்று நிமிர்ந்து உட்கார வேண்டும். மழைக்குட்டையில் வளரும் சப்பிக்டஸ் கொசுவுக்குக் காலில் இந்தத் தெளிப்பு இல்லை. டெங்கு கொசுவான ஏடிஸ் எஜிப்டையின் அடையாளம் முதுகில்: ஓரங்களில் வளைந்த இரு வெள்ளிக் கோடுகள், நடுவில் மெல்லிய இரு நேர்க்கோடுகள். அதன் உறவுக்காரரான அல்போபிக்டஸுக்கு நடுவே ஒரே வெள்ளைக் கோடு. இவ்வளவுக்கும் நாற்பது மடங்கு தாராளம். கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியைப் பிரித்தெடுப்பதும் இதன் கீழேதான். அதற்குள் மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும்போதுதான் 400 மடங்குக் கருவிக்குப் போகிறார்கள்.

இனம் தெரிவது ஏன் முக்கியம் என்பதற்கு மன்னார் உதாரணம். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் மன்னார்த் தீவின் கிணறுகளில் ஸ்டீபென்சை கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன் அந்நாட்டில் அது பதிவானதே இல்லை. ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் 2012-இலேயே நுழைந்துவிட்டது. அங்கே மலேரியா ஊருக்குள் ஏறியதற்கு இந்த நகரத்துக் கொசுவையே முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள்.

படம் எடுப்பது தனி வித்தை. உருப்பெருக்கம் கூடக் கூட, கூர்மையாகத் தெரியும் அடுக்கு மெலிந்துகொண்டே போகும். முதுகு தெளிந்தால் கால் மங்கும். குவியத்தை நூலளவு நகர்த்தி நகர்த்தி இருபது முப்பது படங்கள் எடுத்து, மென்பொருளில் ஒன்றாக்குகிறார்கள். கொசுவின் செதில்கள் பளபளப்பவை. எல்.இ.டி. வெளிச்சம் நேராக விழுந்தால் வெள்ளைத் திட்டுகளே மிஞ்சும்; நடுவில் டிரேசிங் தாளைச் சுருட்டி வைத்தால் அடங்கும். கேமரா பொருத்தும் மூன்றாவது குழல் இல்லாதவர்கள் செல்போனைக் கண்வில்லையின் மேல் ஒரு பிடியில் பொருத்திக்கொள்ளலாம். என் கண்ணுக்கு அந்தப் படங்களே பெரும்பாலும் போதுமானவை. அளவுகோல் ஒன்றையும் அதே உருப்பெருக்கத்தில் ஒருமுறை படமெடுத்து வைத்துக்கொண்டால், கொசுவின் நீளத்தைப் பிறகு கணக்கிடலாம். படம் கொஞ்சம் மங்கினாலும் பூச்சியியலாளர்கள் பொறுத்துக்கொள்வார்கள். எந்த ஊர், எந்தத் தேதி, கிணறா தொட்டியா, மூடி இருந்ததா என்ற குறிப்பு இல்லாவிட்டால்தான் கோபம் வரும்.