முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள்

இங்கிலாந்து நாட்டில் பர்மிங்காம் என்று ஒரு பெரிய நகரம் இருக்கிறது. பித்தான், பூட்டு, பேனா முள், நகை போன்ற சின்னச் சின்ன உலோகச் சாமான்களுக்குப் பேர்போன ஊர் அது. நகரத்தின் நடுவில் ஹர்ஸ்ட் தெருவும் இன்ஜ் தெருவும் சேர்கின்றன. அந்த மூலையில் 11 பழைய செங்கல் வீடுகள் நிற்கின்றன.

அவை அரண்மனைகள் அல்ல. பிரபு யாரும் அங்கே வாழவில்லை. கூலி வேலை செய்தவர்களும் கைத்தொழில் செய்தவர்களும் வாடகைக்கு இருந்த வீடுகள் அவை. ஆனாலும் 1988ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் அவை சேர்க்கப்பட்டன. அனுமதி இல்லாமல் யாரும் அவற்றை இடிக்க முடியாது. இஷ்டப்படி மாற்றிக் கட்டவும் முடியாது.

அப்படி என்ன இருக்கிறது அந்த வீடுகளில்?

தெருவில் நின்று பார்த்தால் சாதாரண வரிசை வீடுகள்தான். கீழே ஓர் அறை. அதற்கு மேலே ஓர் அறை. அதற்கும் மேலே ஓர் அறை. வீட்டுக்குப் பின்கட்டு இருக்கும், கொல்லை இருக்கும் என்று நினைப்போம். இரண்டும் கிடையாது. பின்சுவரோடு வீடு முடிந்துவிடும். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு வீடு. அதன் வாசல் உள்ளே இருக்கும் முற்றத்தைப் பார்த்திருக்கும். இரண்டு பேர் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அந்த வீடுகளும். 'பேக் டு பேக்' வீடுகள் என்றுதான் அங்கே சொல்கிறார்கள்.

பக்கச் சுவர்களும் பொதுச் சுவர்கள். ஆகவே மூன்று பக்கமும் அடைப்பு. கதவும் ஜன்னலும் முன்பக்கம் மட்டும்தான். கூரையிலும் பங்கு உண்டு. தெருப்பக்கச் சரிவு ஒரு வீட்டுக்கு, முற்றத்துப் பக்கச் சரிவு மற்ற வீட்டுக்கு.

ஏன் இப்படிக் கட்டினார்கள்? கணக்குப் போட்டுத்தான் கட்டினார்கள். இந்த 11 வீடுகளும் 1802க்கும் 1831க்கும் இடையில் எழுந்தவை. அப்போது பர்மிங்காமில் பட்டறைகள் பெருகின. வேலை தேடி ஜனங்கள் வந்து குவிந்தார்கள். எல்லோருக்கும் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே வீடு வேண்டும். ஒரே சுவர் இரண்டு வீட்டுக்குப் பயன்பட்டால் செங்கல் மிச்சம். கொல்லை விடாவிட்டால் மனை மிச்சம். ஒரு வீடு நிற்கும் இடத்தில் இரண்டு வாடகை வரும். தெருவைப் பார்த்த வீட்டுக்கு வாடகை கூடுதல், முற்றத்தைப் பார்த்த வீட்டுக்குக் குறைவு.

முற்றத்துக்குப் போகத் தெருவிலிருந்து ஒரு குறுகிய சந்து உண்டு. வீட்டுக்குள் இல்லாததெல்லாம் அந்த முற்றத்தில்தான் இருந்தது. கழிப்பறை அங்கே. துணி வெளுக்கும் அறையும் அங்கே. அந்த அறையில் ஒரு பெரிய செப்புக் கொப்பரை பதித்திருக்கும். அதன் அடியில் நெருப்பு மூட்டி, துணியை வேக வைத்துத் துவைக்க வேண்டும். இன்ன நாள் இன்ன வீட்டுக்கு என்று முறை உண்டு. முறை தவறினால் சண்டைதான். 1851ஆம் ஆண்டில் இந்த 11 வீடுகளில் 60 பேர் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் அந்த முற்றத்துக் கழிப்பறைகள்தான். பனி கொட்டும் இரவிலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். இல்லாவிட்டால் அறைக்குள்ளேயே வாளி வைத்துக்கொள்ள வேண்டும். காலையில் அதை எடுத்துக் கொட்டியது யார் என்று கேட்கத் தேவையில்லை.

இவ்வளவு சின்ன வீட்டில் தொழிலும் நடந்தது. கடிகாரம் செய்த ஒரு யூதக் குடும்பம் இங்கே இருந்தது. பூட்டு செய்தவர்கள் இருந்தார்கள். கண்ணாடியில் செயற்கைக் கண் செய்த ஒரு குடும்பமும் இருந்தது. பொம்மைக்கும் கண், கண் இழந்த மனிதருக்கும் கண். அதே இடத்தில்தான் சமையல், சாப்பாடு, பிள்ளை வளர்ப்பு எல்லாம்.

பின்சுவரில் ஜன்னல் இல்லை. ஒரு பக்கம் நுழைந்த காற்று மறுபக்கம் வெளியேற வழி இல்லை. இது உடம்புக்குக் கெடுதல் என்று சுகாதார அதிகாரிகள் சொன்னார்கள். 1876ஆம் ஆண்டில் பர்மிங்காமில் இப்படிப் புதிதாகக் கட்டுவதற்குத் தடை வந்தது. 1909ஆம் ஆண்டில் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. லீட்ஸ் நகரத்தில் மட்டும் 1937 வரை கட்டிக்கொண்டே இருந்தார்கள். அங்கே அந்த வீடுகளைச் சீர்செய்து, உள்ளேயே கழிப்பறை வைத்து, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன.

தடை புதிய வீடுகளுக்குத்தான். பழைய வீடுகள் அப்படியே நின்றன. 1918ஆம் ஆண்டில்கூட பர்மிங்காமில் ஏறக்குறைய 43,000 வீடுகள் இந்த மாதிரி இருந்தன. பிறகு அவற்றைத் தெருத்தெருவாக இடித்தார்கள். குடியிருந்தவர்களுக்குக் குழாயும் குளியலறையும் உள்ள வேறு வீடுகள் கிடைத்தன. இடித்ததைத் தவறு என்று சொல்லிவிட முடியாது. 60 பேர் சேர்ந்து முற்றத்துக் கழிப்பறைக்குக் காத்திருந்த காலம் திரும்பி வர வேண்டும் என்று யார் கேட்பார்கள்?

ஆனால் இடித்து இடித்து, கடைசியில் நகரத்தின் நடுவில் இந்த ஒரு முற்றம்தான் மிஞ்சியது. இதுவும் திட்டம் போட்டுக் காப்பாற்றியது அல்ல. 1960களில் இங்கே குடியிருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தெருப்பக்கம் கீழ் அறைகளில் மட்டும் கடைகள் நடந்தன. கடைகள் இருந்ததால்தான் கட்டடம் தப்பியது. பெரிய மாளிகைகளைக் காக்க ஆட்களும் பணமும் கிடைப்பது சுலபம். கூலிக்காரர் வீட்டுக்கு அந்த அக்கறை வர வெகுகாலம் ஆனது.

பிறகு பழுது பார்த்தார்கள். 2004ஆம் ஆண்டில் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு வீடுகளைப் பொதுமக்கள் பார்ப்பதற்குத் திறந்தது. எல்லா வீட்டையும் ஒரே மாதிரி புதுப்பிக்கவில்லை. ஒரு வீடு 1840களில் இருந்த மாதிரி. ஒன்று 1870களில் இருந்த மாதிரி. ஒன்று 1930களில் இருந்த மாதிரி. அந்தந்தக் காலத்துக் கட்டில், அடுப்பு, விளக்கு.

நான்காவது ஒரு தையல் கடை. செயின்ட் கிட்ஸ் என்ற தீவு மேற்கிந்தியத் தீவுகளில் இருக்கிறது. அங்கிருந்து பிழைப்புத் தேடி வந்த ஒரு தையல்காரர் அந்தக் கடையை நடத்தினார். கோட்டும் கால்சட்டையும் தைத்துக் கொடுத்தார். 2001 வரை அவர் அங்கே தொழில் செய்தார். கடையை மூடும்போது அவர் கொடுத்துவிட்டுப் போன சாமான்கள் இப்போது அங்கே காட்சிக்கு இருக்கின்றன.