புள்ளி போடாத பேராசிரியர் மோசமானவரா? மாணவர் கருத்தை வாசிக்கும் முறை

போன விடுமுறையில் ஒரு சனிக்கிழமை. செந்தூலில் ஆறாம் படிவ மாணவர்களுக்கு நான் நடத்தும் வகுப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. பழைய மாணவி ஒருத்தி வந்து நின்றாள். இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. கைப்பேசியை நீட்டி, "சார், இதக் கொஞ்சம் பாருங்க. இந்தப் பாடத்த எடுக்கலாமா, வேணாமா?" என்றாள்.

பாடம் அரசியல் சிந்தனை. நடத்துபவர் கறாரானவர் என்று பெயர் எடுத்த பேராசிரியர். அவரைப் பற்றி மூத்த மாணவர்கள் புலனக் குழுவில் எழுதியிருந்தவை இவை:

1. "அவர்கிட்ட போயிடாதீங்க. ஏ வாங்கவே முடியாது."
2. "வாரத்துக்கு அறுபது பக்கம் படிக்கச் சொல்வாரு. படிக்காம போனா கேள்வி கேட்டே மானத்த வாங்கிடுவாரு."
3. "ரொம்ப போரிங்."
4. "கட்டுரைய திருப்பிக் கொடுக்கும்போது ஓரம் முழுக்க சிவப்பு மையில எழுதியிருப்பாரு. நான் ஒழுங்கா எழுதக் கத்துக்கிட்டதே அதுக்கு அப்புறம்தான்."
5. "புள்ளி எப்படிப் போடுறாருன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல."

அவளுடைய கவலை சாதாரணமானதல்ல. உயர்கல்விக் கடன் வாங்கிப் படிப்பவள். முதல் வகுப்பில் தேறினால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பி.டி.பி.டி.என். கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கிடைக்கும். ஒரு பாடத்தில் புள்ளி சரிந்தால் அந்த வாய்ப்பே போய்விடலாம். "கடன் அப்பா தலையில விழும் சார்" என்றாள்.

உடனே பதில் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. ஆசிரியர்களும் தேர்வு எழுதும் மாணவர்களும் சேர்ந்து யோசிக்க வேண்டிய விஷயம் இது. ஒரு கறாரான ஆசிரியரைப் பற்றி மாணவர் சொல்லும் கருத்தில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது?

ஒரு மாணவருக்கு இரண்டு புள்ளி

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1962 முதல் 2023 வரை அரசியல் தத்துவம் கற்பித்தவர் ஹார்வி மான்ஸ்ஃபீல்டு. அவர் பெயரின் நடுவில் 'சி' என்ற எழுத்து வரும். அது 'சி மைனஸ்' என்பதன் சுருக்கம் என்று மாணவர்கள் கேலி செய்வார்கள். புள்ளி போடுவதில் அவ்வளவு கெட்டி.

அவருக்கு ஒரு சிக்கல் வந்தது. மற்ற வகுப்புகளில் 'ஏ' தாராளமாகக் கிடைத்தது. 2001-இல் ஹார்வர்டில் பட்டம் பெற்றவர்களில் 91 விழுக்காட்டினர் சிறப்புத் தகுதியோடு வெளியேறினார்கள். இந்த நிலையில் அவர் மட்டும் கறாராக இருந்தால், அவரிடம் படித்ததற்காகவே மாணவர் தண்டிக்கப்படுவார்கள். அதனால் அதே 2001-இல் ஒரு புதிய முறையை அறிவித்தார். ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு புள்ளி. ஒன்று, மற்ற வகுப்புகளின் போக்குக்கு ஏற்றபடி பதிவேட்டுக்குப் போகும். இன்னொன்று, அவர் மனத்தில் உண்மையாகவே தகுதி என்று நினைப்பது. அது மாணவருக்கு மட்டும் தனியாகச் சொல்லப்படும்.

2013-இல் ஆசிரியர் கூட்டம் ஒன்றில் மான்ஸ்ஃபீல்டு இதைப் பற்றி மறுபடி கேள்வி எழுப்பினார். ஹார்வர்டு இளங்கலையில் மிக அதிகமாக வழங்கப்படுவது 'ஏ', நடு அளவு 'ஏ மைனஸ்' என்று பதில் வந்தது.

நம் மாணவியின் கவலையும் இதேதான். கறாரான ஒருவரிடம் படிப்பதற்கு மாணவர் தனியாக விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த விலையை மறைத்துவிட்டு "கஷ்டப்பட்டுப் படிம்மா" என்று மட்டும் சொல்வது நியாயமில்லை.

புள்ளி குறைந்தால் கருத்தும் மாறும்

அமெரிக்காவில் வெல்லெஸ்லி என்ற பெண்கள் கல்லூரி இருக்கிறது. 2004-இல் அங்கே ஒரு விதி கொண்டு வந்தார்கள். தொடக்க, இடைநிலைப் பாடங்களில் வகுப்புச் சராசரி 'பி பிளஸ்'ஸைத் தாண்டக் கூடாது. புள்ளியை ஏற்கெனவே அளந்து போட்டுவந்த துறைகளுக்கு இதனால் பெரிய மாற்றமில்லை. தாராளமாகப் போட்டு வந்த துறைகள்தாம் கையை இறுக்க வேண்டியதாயிற்று.

என்ன நடந்தது என்று அக்கல்லூரியின் பொருளியல் ஆய்வாளர்கள் மூவர் ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். விதியால் பாதிக்கப்பட்ட துறைகளில் சேருவோர் குறைந்தார்கள். அத்துறைப் பேராசிரியர்களைப் பற்றிய மாணவர் மதிப்பீடும் இறங்கியது. கல்லூரி அதே கல்லூரி, மாறியது புள்ளி போடும் விதி. ஆக, மாணவர் கருத்தில் ஒரு பங்கு புள்ளியைப் பற்றியது. கற்பித்தலைப் பற்றியதல்ல.

பலன் அடுத்த வகுப்பில் தெரியும்

இன்னோர் ஆய்வு அமெரிக்க விமானப்படைக் கல்லூரியில் நடந்தது. கேரல், வெஸ்ட் என்ற இருவர் 2010-இல் வெளியிட்டது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவு அதில் இருந்தது. அங்கே மாணவர் தமக்குப் பிடித்த ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க முடியாது. குலுக்கல் போலத்தான் பிரிப்பார்கள். எல்லாருக்கும் பாடத்திட்டம் ஒன்று, தேர்வும் ஒன்று. அடுத்தடுத்த பாடங்களும் கட்டாயம். அதனால் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது.

முதல் நுண்கணிதப் பாடத்தில், அனுபவம் குறைந்த ஆசிரியர்களின் மாணவர்கள் நல்ல புள்ளி வாங்கினார்கள். ஆசிரியர்களுக்கும் நல்ல மதிப்பீடு கொடுத்தார்கள். அனுபவம் மிக்க ஆசிரியர்களுக்கு மதிப்பீடு குறைவு. ஆனால், அந்தப் பாடத்தை அடித்தளமாகக் கொண்ட மேல்நிலைப் பாடங்களுக்குப் போனபோது, அனுபவசாலிகளின் மாணவர்களே முந்தினார்கள். தேர்வுக்கு வருவதை மட்டும் ஊட்டினால் இன்றைக்குப் புள்ளி வரும், அடித்தளம் இருக்காது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று.

இதிலிருந்து "கறார் என்றாலே நல்ல ஆசிரியர்" என்று தாவிவிடக் கூடாது. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. பருவம் முடிந்த கையோடு கேட்டால், தான் எவ்வளவு கற்றோம் என்பதை மாணவரால் சரியாகச் சொல்ல முடிவதில்லை என்பதைத்தான் அது காட்டுகிறது.

அப்படியானால் மாணவர் கருத்து வீணா?

வீணில்லை. கனடாவின் ரையர்சன் பல்கலைக்கழகத்தில் இது பெரிய வழக்காயிற்று. 2018-இல் நடுவர் தீர்ப்புச் சொன்னார். பதவி உயர்வுக்கும் நிரந்தர நியமனத்துக்கும் கற்பித்தல் திறனை அளக்கும் கோலாக மாணவர் மதிப்பீட்டைப் பயன்படுத்தக் கூடாது. ஆனால், வகுப்பில் மாணவருக்கு நேர்ந்த அனுபவத்தைத் தெரிந்துகொள்ள அது பயன்படும் என்றார். அந்த வேறுபாடுதான் முக்கியம்.

மாணவருக்குத் திட்டமாகத் தெரிந்தவை சில உண்டு. ஆசிரியர் நேரத்துக்கு வந்தாரா? புள்ளித் திட்டத்தை முன்கூட்டியே சொன்னாரா? கட்டுரை எத்தனை நாளில் திரும்பி வந்தது? கேள்வி கேட்டவரை மதித்தாரா? இதற்கெல்லாம் மாணவரே முதல் சாட்சி.

நம் நன்னூலும் இந்த இடத்தில் கைகொடுக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த அந்நூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியரை நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றுக்கு ஒப்பிடுகிறது. ஆசிரியர் ஆகத் தகாதவருக்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு. கழற்காயைக் குடத்தில் போட்ட வரிசை வேறு, கொட்டும்போது வரும் வரிசை வேறு. அதுபோல முறை மாற்றிக் குழப்புபவர் ஒருவர். மட்டைகளால் யாரையும் நெருங்கவிடாத பனை போல, தானாக விழுந்தால்தான் பழம் என்று இருப்பவர் இன்னொருவர். கேட்பவர் அஞ்சும்படி பேசுவதும் அங்கே குற்றமாகவே வருகிறது. கவனியுங்கள்: அதிகம் எதிர்பார்ப்பது குற்றப் பட்டியலில் இல்லை. குழப்புவதும், கொடுக்காமல் இருப்பதும், பயமுறுத்துவதும் இருக்கின்றன.

அந்த ஐந்து கருத்துக்கு வருவோம்

'ஏ வாங்க முடியாது' என்பது பெரும்பாலும் எழுதியவரின் புள்ளியைப் பற்றியது. எத்தனை பேருக்கு என்ன புள்ளி கிடைத்தது என்று தெரிந்தால்தான் அதற்கு எடை.

இரண்டாவதில் இரண்டு செய்தி கலந்திருக்கிறது. அறுபது பக்கம் என்பது தகவல். நேரத்தைத் திட்டமிட உதவும். 'மானத்த வாங்கிடுவாரு' என்பதை விசாரிக்க வேண்டும். கேள்வி கேட்டாரா, அவமானப்படுத்தினாரா? முன்னது கற்பித்தல். பின்னது நன்னூல் சொல்லும் குற்றம்.

'போரிங்' என்பதில் ஒன்றும் இல்லை. விட்டுவிடலாம்.

நான்காவதுதான் ஆதாரம் உள்ள கருத்து. ஆசிரியர் என்ன செய்தார், தன்னிடம் என்ன மாறியது என்று இரண்டையும் சொல்கிறது.

ஐந்தாவது கடுமையான குறை. எதை வைத்து அளக்கிறோம் என்று சொல்லாமல் அளப்பது துலாக்கோலின் வேலை அல்ல. கறாராக இருப்பவர்தான் இதை மற்றவர்களைவிடத் தெளிவாகச் சொல்லக் கடமைப்பட்டவர்.

எனவே மாணவியிடம், "முதல் வாரமே போய்ப் புள்ளித் திட்டத்தக் கேளும்மா. தெளிவா சொன்னாருன்னா துணிஞ்சு எடு. மழுப்பினாருன்னா யோசி" என்றேன்.

தேர்வுக்கு எழுதும் மாணவர்களுக்கு

"கண்டிப்பான ஆசிரியரே மாணவருக்கு நன்மை செய்பவர்" போன்ற தலைப்பில் வாதக் கட்டுரை எழுத நேர்ந்தால் மூன்றை நினைவில் வையுங்கள்.

முதலில் சொல்லை வரையறுங்கள். கண்டிப்பு வேறு, கடுமை வேறு. அதைப் பிரிக்காமல் எழுதினால் இரண்டாம் பத்தியிலேயே குழப்பம் வரும்.

அடுத்து, உணர்ச்சி வரியைச் சான்று வரியாக மாற்றுங்கள். "கண்டிப்பான ஆசிரியர் மிகவும் நல்லவர்" என்பது பலவீனமான வரி. "பிழையைச் சுட்டிக்காட்டிக் கட்டுரையை மீண்டும் எழுதச் சொல்லும் ஆசிரியரிடம் படிக்கும் மாணவன், தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கப் பழகுகிறான்" என்பது வலுவான வரி.

கடைசியாக, எதிர்த்தரப்பில் உள்ள நியாயத்தை ஒரு பத்தியில் ஒப்புக்கொள்ளுங்கள். புள்ளி குறைவதால் மாணவருக்கு உண்மையான இழப்பு உண்டு. அதை ஏற்றுக்கொண்டு பதில் சொன்னால் உங்கள் வாதம் உறுதிப்படும்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல்

புறப்படும்போது மாணவி திரும்பிக் கேட்டாள். "சார், உங்களப் பத்தி நாங்க என்ன சொல்வோம்னு நீங்க கேட்டதே இல்லயே?"

சுருக்கென்றது. அடுத்த வாரமே வகுப்பில் துண்டுத்தாள் கொடுத்து, பெயர் போடாமல் எழுதச் சொன்னேன். 'நல்லா இருக்கா?' என்று கேட்கவில்லை. 'எது உதவியது, எது தடையாக இருந்தது, ஓர் எடுத்துக்காட்டோடு எழுதுங்கள்' என்று மட்டும் கேட்டேன். "சார் புள்ளி போட கஞ்சம்" என்று சிலர் எழுதினார்கள். சிரித்துக்கொண்டேன். ஒரு தாளில் இப்படி இருந்தது: "கட்டுரைய மூணு வாரம் கழிச்சுத் திருப்பிக் கொடுக்கிறீங்க. அதுக்குள்ள என்ன எழுதினோம்னே மறந்து போகுது." அதற்குச் சிரிப்பு வரவில்லை. உண்மை அது. மடற்பனை வேறு எங்கோ இல்லை, நானேதான்.

இப்போது ஏழு நாளில் திருப்பிக் கொடுக்கிறேன். புள்ளி மட்டும் பழைய அளவுதான். மாணவியும் அந்தப் பாடத்துக்குப் பதிந்துகொண்டாள். முதல் வாரமே கேட்டாளாம். பேராசிரியர் புள்ளித் திட்டத்தை வெண்பலகையில் எழுதிப் போட்டு, "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை" என்றாராம்.