முதிய உறுப்பிழந்தோருக்கான நிகழ்பட ஆட்டவழி மறுவாழ்வுப் பயிற்சி

முதிய உறுப்பிழந்தோருக்கான நிகழ்பட ஆட்டவழி மறுவாழ்வுப் பயிற்சி என்பது கை அல்லது காலை இழந்த முதியோர், நிகழ்பட ஆட்டக் கருவிகளின் துணையுடன் தம் வீட்டிலேயே சமநிலை, நடை, தசை வலு ஆகியவற்றை மேம்படுத்திக்கொள்ளச் செய்யும் உடற்பயிற்சி முறை ஆகும். இது இயன்முறை மருத்துவத்துக்கு மாற்று அன்று. மருத்துவமனைப் பயிற்சி முடிந்து வீடு திரும்பிய பின் தொடரும் பகுதி எனலாம்.

பின்னணி

முதுமையில் கால் அகற்றப்படுவதற்கு விபத்தைவிட நீரிழிவு நோயும் கால் தமனிகளில் ஏற்படும் அடைப்புமே பெரும்பாலும் காரணமாகின்றன. எனவே எஞ்சியுள்ள காலும் பல வேளைகளில் நலமாக இருப்பதில்லை. பாதத்தில் உணர்வு குன்றியிருக்கும். செயற்கைக் காலிலோ கணுக்கால் தசையும் இல்லை, தரையின் சாய்வை மூளைக்குத் தெரிவிக்கும் நரம்பும் இல்லை. ஆகையால் இவர்கள் எடையை எஞ்சிய காலின் மீதே சாய்த்து நிற்கப் பழகிவிடுகின்றனர்.

கனடாவில் வில்லியம் மில்லர் முதலானோர், கால் இழந்து தம் இல்லங்களில் வாழும் 435 பேரிடம் ஆய்வு நடத்தி 2001 இல் வெளியிட்டனர். அவர்களுள் 52.4 விழுக்காட்டினர் முந்தைய ஓராண்டில் விழுந்திருந்தனர், 49.2 விழுக்காட்டினருக்கு விழுந்துவிடுவோம் என்ற அச்சம் இருந்தது. அச்சத்தால் நடப்பது குறைகிறது, நடக்காததால் தசை தளர்கிறது, தளர்ந்த தசையால் மீண்டும் விழ நேர்கிறது. இச்சுழலை உடைக்கப் பல வாரங்கள் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். வீட்டில் தனியே இருப்பவர் அதில் சலிப்படைந்து விட்டுவிடுவது இயல்பே. ஆட்டம் இங்குதான் பயன்படுகிறது.

சமநிலைப் பலகை

நின்டெண்டோ நிறுவனம் 2007 திசம்பரில் சப்பானில் வெளியிட்ட வீ ஃபிட் என்னும் ஆட்டத்துடன் ஒரு சமநிலைப் பலகையும் வந்தது. குளியலறை எடைப்பொறி போன்ற இப்பலகையின் நான்கு மூலைகளிலும் எடை உணரிகள் உள்ளன. இவற்றின் அளவீடுகள் புளூடூத் வழியாக ஆட்டக் கருவியைச் சென்றடைகின்றன.

கணக்கு எளியது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் நிற்கும்போது வலப்புற உணரிகள் 40 கிலோவும் இடப்புற உணரிகள் 30 கிலோவும் காட்டுவதாகக் கொள்வோம். இரு பக்க உணரிகளுக்கும் இடையிலான தொலைவு சுமார் 43 செ.மீ. வேறுபாடான 10 ஐ 70 ஆல் வகுத்து, தொலைவின் பாதியால் பெருக்கினால், அழுத்த மையம் ஏறத்தாழ 3 செ.மீ. வலப்பக்கம் விலகியுள்ளது எனத் தெரியும். ஆட்டத்தில் பனிச்சறுக்கு வீரரைத் திருப்புவது இந்த 3 செ.மீ. தான். இடக்கால் செயற்கைக் காலாயின், இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் அதன் மீது எடையை ஏற்றியே ஆகவேண்டும். மெல்பேர்ண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010 இல் இம்மலிவான பலகையை ஆய்வுக்கூட விசைமேடையுடன் ஒப்பிட்டு, நிற்கும் சமநிலையை அளக்க ஏற்றது எனக் கண்டனர்.

எனினும் பலகை அறிவது அழுத்தத்தை மட்டுமே. இடுப்பை நகர்த்தாமல் முதுகை வளைத்து எடையை மாற்றினாலும் அதற்குப் புள்ளி கிடைத்துவிடும். ஆட்டம் வெல்லும், பழக்கம் கெடும். இயன்முறை மருத்துவரின் கண்காணிப்பு இதனால்தான் இன்றியமையாதது.

கனடிய ஆய்வு

வான்கூவரில் பிரிட்டிசு கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பிட்டா இமாம், மில்லர் முதலானோர் வீ.என்.வாக் என்ற பயிற்சியை உருவாக்கினர். ஒரு காலை இழந்த, 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் இதில் பங்கேற்றனர். வாரம் மூன்று முறை, முறைக்கு 40 நிமிடம், நான்கு வாரங்கள் பயிற்சி நடந்தது. முதலில் மருத்துவ மையத்தில் மூவர் மூவராகப் பயின்று, பின்னர் படிப்படியாக வீட்டில் தாமே செய்தனர். 14 பேர் இப்பயிற்சியிலும் மற்ற 14 பேர் மூளைத்திறன் ஆட்டமொன்றிலும் ஈடுபடுத்தப்பட்டனர். ஒப்பீட்டுக் குழுவுக்கும் ஆட்டமே தரப்பட்டது நல்ல உத்தி. கருவியின் புதுமை தரும் உற்சாகம் இரு குழுக்களுக்கும் பொதுவாகிவிடுகிறது. 2017 இல் அச்சான முடிவுகளில் இரண்டு நிமிட நடைத் தொலைவில் முன்னேற்றத்தின் சாயல் தெரிந்தது. ஆனால் இது செயற்படுத்த இயலுமா என்று பார்த்த சிற்றாய்வு. பயனை நிறுவியதாகக் கொள்ளலாகாது.

கை இழந்தோர்

கை இழந்தோருக்குத் தசை மின்குறிப்புகளே இயக்குபிடி. சுவீடனின் சால்மர்சு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேக்சு ஒர்டிசு கத்தலான் குழுவினர், எஞ்சிய கைப்பகுதியின் தசைகளில் மின்முனைகளை ஒட்டி, இல்லாத கையால் திரையில் பந்தயக் கார் ஓட்டச் செய்தனர். 48 ஆண்டுகளாக மாய உறுப்பு வலியால் துன்புற்ற 72 வயதினர் ஒருவருக்கு வலி குறைந்ததை 2014 இலும், 14 பேரிடம் கண்ட முடிவை 2016 இலும் வெளியிட்டனர். இவை மருத்துவ மையங்களில் நடந்தவை.

குறைகள்

வீ ஃபிட் நலமான இரு கால்களை எண்ணி எழுதப்பட்ட மென்பொருள். எடை ஒருபுறம் சாய்ந்தால் அதைக் குறையாகவே காட்டும். உயரத்தையும் எடையையும் கொண்டு அது கணிக்கும் உடல் நிறைச் சுட்டெண், ஒரு காலின் எடை குறைந்தவருக்குப் பொருந்தாது. பலகையில் ஏறி இறங்கும்போதே விழ வாய்ப்புண்டு. அருகில் கைப்பிடியோ உறுதியான நாற்காலியோ வைத்துக்கொள்வது வழக்கம். செயற்கைக் காலின் குழியில் உராய்ந்து தோல் புண்ணானால் பயிற்சியை நிறுத்த வேண்டும். நீரிழிவு உடையோருக்கு அப்புண் எளிதில் ஆறாது.

மற்றொரு சிக்கல் கருவியின் ஆயுள். வீ கருவியின் உற்பத்தி 2013 இலும் மைக்ரோசாப்ட்டின் கினெக்ட் உணரியின் உற்பத்தி 2017 இலும் முடிவடைந்தன. மருத்துவ ஆய்வொன்று தொடங்கி அச்சேறுவதற்குள் அது நம்பியிருந்த கருவி கடைகளிலிருந்து மறைந்துவிடுகிறது.