“இனி ஒரு தப்பு செய்தால் வீட்டுக்கு!” 118 நாளில் சீட்டு கிழிந்த கூடைப்பந்து கோச்!

“என்ன நைட், எப்படி இருக்கே?”

ஒரு மாணவன் கேட்ட இந்த ஒரு கேள்வியால் 29 ஆண்டு வேலை பறிபோனது! அமெரிக்காவையே பரபரப்பில் ஆழ்த்திய இந்தச் சம்பவம் 2000-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி நடந்தது.

இடம்: இண்டியானா மாநிலம், புளூமிங்டன் நகரம். அங்குள்ள இண்டியானா பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அரங்கம்.

அப்படிக் கேட்ட மாணவனுக்கு வயது 19. கல்லூரியில் சேர்ந்து சில நாட்களே ஆகியிருந்தன. கேட்கப்பட்டவர் பாபி நைட். பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளர். வயது 59.

பெரியவரை மொட்டையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? நைட்டுக்கும் வந்தது. பையனின் கையைப் பிடித்து நிறுத்தினார். “மிஸ்டர் நைட் என்று கூப்பிடு. இல்லாவிட்டால் கோச் நைட் என்று கூப்பிடு” என்று பாடம் நடத்தினார்.

“முரட்டுத்தனமாகப் பிடித்தார், திட்டினார்” என்றான் பையன். “லேசாகத்தான் பிடித்தேன், திட்டவே இல்லை” என்றார் நைட். மறுநாள் நிருபர்களைக் கூட்டி, எப்படிப் பிடித்தேன் என்று நடித்தே காட்டினார்!

வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் ஒரு கண்டிப்போடு போயிருக்கும். ஆனால் நைட்டின் கழுத்துக்கு மேலே கத்தி தொங்கிக்கொண்டிருந்தது.

யார் இந்த நைட்?

1971-ல் இண்டியானாவுக்கு வந்தவர். 1976, 1981, 1987 என்று 3 முறை தேசியக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். 1976-ல் ஆடிய 32 ஆட்டங்களிலும் வெற்றி! அதற்குப் பிறகு 2025 வரை முதல் நிலை ஆண்கள் கல்லூரி அணி எதுவும் அப்படி ஒரு தோல்வியும் இல்லாமல் கோப்பையை வென்றதில்லை. 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணிக்கும் இவர்தான் பயிற்சியாளர்.

ரசிகர்கள் வைத்த பெயர் ‘ஜெனரல்’. பையன்கள் ஆடினால் மட்டும் போதாது, படித்துப் பட்டமும் வாங்க வேண்டும் என்று விரட்டுவார். ஆட்டக்காரர்களைச் சேர்ப்பதில் விதியை மீறியதாக அவர் அணி தண்டிக்கப்பட்டதே இல்லை. நூலகத்துக்கு நிதி திரட்டிக் கொடுத்தவரும் அவர்தான்.

பறந்தது நாற்காலி!

ஆனால் கோபம் வந்தால் ஆள் மாறிவிடுவார். 1985 பிப்ரவரி 23-ந் தேதி பர்டியூ அணியுடன் ஆட்டம். நடுவர் மீது ஆத்திரம். எதிரணிக்காரர் பந்தை எறியத் தயாராக நிற்கும்போது, சிவப்பு நிற நாற்காலி ஒன்றைத் தூக்கி ஆடுகளத்தில் வீசினார்! கிடைத்த தண்டனை? ஒரே ஒரு ஆட்டத்துக்குத் தடை.

ஜெயிக்கிற கோச் ஆச்சே, யார் கேட்பது?

2000 மார்ச்சில்தான் பூகம்பம் வெடித்தது. “1997-ல் பயிற்சியின்போது என் கழுத்தைப் பிடித்தார்” என்று நீல் ரீட் என்ற முன்னாள் ஆட்டக்காரர் டெலிவிஷனில் சொன்னார். நைட் மறுத்தார். அடுத்த மாதமே வீடியோ டேப் வெளியே வந்துவிட்டது. நைட்டின் கை ரீட்டின் கழுத்தில்! சில விநாடிதான். அது போதாதா? அலுவலகப் பெண் செயலாளர் ஒருவரை மிரட்டியதாகவும் புகார் கிளம்பியது.

தவித்த தலைவர்

முடிவு சொல்ல வேண்டியவர் பல்கலைக்கழகத் தலைவர் மைல்ஸ் பிராண்ட். தத்துவப் பேராசிரியர். ஒரு பக்கம் கோப்பைகள், நைட்டைத் தெய்வமாக நினைக்கும் மாணவர்கள். இன்னொரு பக்கம் கழுத்தைப் பிடித்த காட்சி.

மே 15-ந் தேதி தீர்ப்பு: நைட் இருக்கலாம். 30 ஆயிரம் டாலர் அபராதம். 3 ஆட்டத்துக்குத் தடை. இனி ஒரு தப்பு செய்தாலும் மன்னிப்பே கிடையாது. கடைசி வாய்ப்பு கொடுப்பதுதான் நியாயம் என்றார் பிராண்ட்.

முன்கோபிக்கு இப்படி ஒரு நிபந்தனை! அது எத்தனை நாள் தாங்கும்?

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். 1994-க்குப் பிறகு தேசியப் போட்டியில் நைட்டின் அணி 2-வது சுற்றைத் தாண்டவே இல்லை. தாண்டியிருந்தால் அந்த டேப்பை இவ்வளவு பேர் உற்றுப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

ஞாயிற்றுக்கிழமை தீர்ப்பு

மாணவன் சம்பவம் நடந்த 3-வது நாள், செப்டம்பர் 10, ஞாயிறு. நைட்டை ராஜினாமா செய்யச் சொன்னார் பிராண்ட். முடியாது என்றார் நைட். உடனே டிஸ்மிஸ்!

மாணவன் கையைப் பிடித்தது மட்டுமே காரணம் அல்ல என்றார் பிராண்ட். மேலிடத்தை மதிக்கவில்லை, ஊரை விட்டுப் போகவேண்டாம் என்று கேட்டும் மீன் பிடிக்கப் போய்விட்டார் என்று அடுக்கினார்.

அன்று இரவு ஆயிரக்கணக்கான மாணவர்கள் திரண்டனர். பிராண்டின் வீட்டை நோக்கி ஊர்வலம். கொடும்பாவி எரிப்பு. கலவரத் தடுப்புப் போலீஸ் குவிப்பு. மாணவனுக்கோ மிரட்டல் மேல் மிரட்டல்! 3 நாள் கழித்து நடந்த பிரிவுக் கூட்டத்தில் “அந்தப் பையனை விட்டுவிடுங்கள்” என்று நைட்டே கேட்டுக்கொண்டார்.

பிறகு டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. 2008-ல் விலகும்போது மொத்தம் 902 வெற்றி. அவருடைய உதவியாளராக இருந்த மைக் டேவிஸ், 2002-ல் இண்டியானாவை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். பிராண்ட் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் தலைவரானார். 2009-ல் இறந்தார்.

பழைய அரங்கத்தில் கால் வைக்காமல் ஏறக்குறைய 20 ஆண்டு வீம்பாக இருந்தார் நைட். 2023 நவம்பரில் 83-வது வயதில் அதே புளூமிங்டனில் காலமானார். அதற்கு முன், 2020 பிப்ரவரி 8-ந் தேதி, மனம் இறங்கி ஒரு முறை உள்ளே வந்தார். பழைய ஆட்டக்காரர்கள் சூழ்ந்து நின்றார்கள். அரங்கம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது.

அன்றைக்கும் எதிரணி பர்டியூதான்! ஆட்டத்தில் இண்டியானா தோற்றது.