வாழைக்காய் கனியாதல்

பிஞ்சு, காய், செங்காய், கனி என ஒரு பொருளின் பருவங்களுக்கு வெவ்வேறு பெயரிட்ட மொழி நம்முடையது. அப்பெயர்களை நாவும் கண்ணும் தந்தன. வாழைக்காய் கனியாகுங்கால் அதனகத்தே நிகழ்வன யாவை என்பதனை யாம் ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

முற்றிய பச்சைக்காயின் சதையில் நூற்றுக்கு 20 பங்கிற்குக் குறையாமல் மாவுச்சத்தே நிற்கும். அது கறிக்கு உதவுவதும் அதனாலேயாம். பழுக்கத் தொடங்கியதும் காயிலுள்ள நொதிப்பொருள்கள் அம்மாவினைச் சிதைத்துச் சர்க்கரையாக்கிவிடுகின்றன. நன்கு கனிந்த பூவன் பழத்திலே மாவு மிகச் சிறிதே எஞ்சும். நேந்திரத்திலோ பழுத்த பின்னரும் மாவு ஓரளவு தங்குகின்றது. மலையாள நாட்டார் அப்பழத்தை அவித்துண்பது காரணமின்றி அன்று.

துவர்ப்பு நீங்கும் வகை இதனினும் வியப்புடைத்து. பச்சைக்காயைக் கடித்தவுடன் வாய் சுருங்குவது டானின் என்னும் பொருளால். அஃது உமிழ்நீரிலுள்ள புரதங்களைப் பற்றிக்கொள்கின்றது. கனியில் டானின் அழிந்துபோயிற்று எனக் கருதுதல் இயல்பே. ஆனால் அதன் அணுத்திரள்கள் ஒன்றோடொன்று பிணைந்து பெருத்து, நீரிற் கரையாத தன்மை எய்துகின்றன என்பர் ஆராய்ச்சியாளர். கரையாதது நாவிற்கு எட்டாது. துவர் உள்ளே இருக்கவும் துவர்ப்புத் தோன்றவில்லை என்க.

தோலின் மஞ்சள் புதிதாக வந்ததன்று; பச்சையம் சிதைய, முன்னரே மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகின்றது. அங்ஙனம் சிதைந்த பச்சையத்தின் எச்சத்தால், பழுத்த வாழை புறஊதாக் கதிரிலே நீலமாய் ஒளிர்வதனை 2008-இல் ஆஸ்திரியா நாட்டு இன்ஸ்புருக் நகர அறிஞர் கண்டனர். வெப்பம் மிக்க நம் நாட்டிலோ, பச்சை வாழையின் தோலில் பச்சையம் முற்றும் சிதைவதில்லை. உள்ளே கனிந்தும் தோல் பசுமை மாறாது நிற்கும். ஆதலின் நிறம் ஒன்றே கனிவிற்குச் சான்றாகாது.

இம்மாற்றங்களையெல்லாம் தூண்டுவது எதிலீன் என்னும் வாயு. பழங்கள் தாமே இதனை வெளியிடுதலை 1934-இல் கேன் என்னும் ஆங்கில அறிஞர் இரசாயன முறையால் நிறுவினார். நம் உழவரும் வணிகரும் குலைகளை அறையில் அடுக்கி மூடிப் புகைமூட்டம் இடுவது, பெயர் அறியாமலே இவ்வாயுவைப் பயன்கொண்டதாகும். புகையிலும் எதிலீன் உண்டு.

இக்காலத்துச் சிலர் கால்சியம் கார்பைடு கல்லை இடுகின்றனர். ஈரம் பட்டவுடன் அதினின்று எழும் அசிட்டிலீன் வாயு எதிலீனைப் போலவே தொழிற்படும். ஆயினும் அக்கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகிய நச்சுப்பொருள்களின் கலப்பு உண்டு. இந்தியாவின் 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் அதனை அறவே விலக்கியுள்ளன. முற்றாத காயினை இங்ஙனம் வற்புறுத்தினால் தோல் விரைந்து மஞ்சளாகும். உள்ளிருக்கும் மாவு அத்துணை விரைவிற் சர்க்கரையாவதில்லை. வாங்குவோர் பழத்தின் விலை கொடுத்துக் காயையே கொண்டு செல்கின்றனர்.