கை கொடுக்கும் முன்...

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்தே விலையை முடித்துவிடுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்குக்கூட ஒன்றும் புரியாது. கைக்கும் ஊருக்கு ஊர் ஒரு பாஷை உண்டு. கோவையிலிருந்து ஷார்ஜாவுக்கும் சிங்கப்பூருக்கும் விமானம் ஏறும் நம் பிள்ளைகள் அதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போவது நல்லது.

வலக்கை விஷயத்தில் நமக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சிறுவராக இருந்த உமர் பின் அபீஸலமா (ரலி) அவர்களுக்கு, பிஸ்மில்லாஹ் சொல்லி வலக்கையால் தமக்கு அருகிலிருப்பதை உண்ணும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தது புகாரியில் பதிவாகியுள்ளது. அரபு வீட்டில் ஒரே தட்டைச் சுற்றி உட்காரும்போது இந்த ஒரு ஒழுக்கமே போதும். அங்கே ஒருவர் ஐந்து விரல்களையும் குவித்து மேல்நோக்கி அசைத்தால் 'கொஞ்சம் பொறு' என்று பொருள். திட்டுகிறார் என்று எண்ணிவிட வேண்டாம். மலேசியாவில் சுட்டுவிரலை நீட்டிக் காட்டுவது மரியாதைக் குறைவு. கையை மூடிக் கட்டைவிரலால் காட்டுவார்கள். ஜப்பானில் முகவரி அட்டையை இரண்டு கைகளாலும் கொடுத்து வாங்க வேண்டும்.

சிக்கல் வருவது, அந்நிய ஆணோ பெண்ணோ கை நீட்டும்போதுதான். நபி (ஸல்) அவர்கள் பெண்களிடம் சொல்லால் மட்டுமே பைஅத் பெற்றார்கள், அவர்களின் கரம் அந்நியப் பெண்ணின் கையைத் தொட்டதில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஐரோப்பாவில் இதைப் பலர் அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் தெர்வில் ஊரில் பள்ளி ஆசிரியைக்குக் கை கொடுக்க மறுத்த இரு சகோதரர்களின் விவகாரத்தில், மறுத்தால் 5,000 பிராங்க் வரை அபராதம் விதிக்கலாம் என்று 2016-ல் மாநில நிர்வாகம் அறிவித்தது. சுவீடனில் நடந்தது வேறு. நேர்காணலில் கை கொடுக்காமல் நெஞ்சில் கை வைத்து வணக்கம் சொன்ன ஒரு முஸ்லிம் பெண், வேலை வாய்ப்பை இழந்து வழக்குப் போட்டார். 2018-ல் தொழிலாளர் நீதிமன்றம் அவருக்கு 40,000 குரோனர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. ஆண்களும் பெண்களும் சேர்ந்திருக்கும் இடத்தில் இருபாலருக்கும் ஒரே மாதிரி நெஞ்சில் கை வைப்பதே அவர் வழக்கம். ஒரு சாராரை மட்டும் ஒதுக்கவில்லை என்பது இதனால் தெளிவாயிற்று.

நம் பிள்ளைகளுக்கும் இதுவே எளிய வழி. எதிரில் இருப்பவரின் கை நீளும் முன்பே புன்னகையுடன் வலக்கையை நெஞ்சில் வைத்து, தலையைச் சற்றுத் தாழ்த்தினால் போதும். நீட்டிய பிறகு என்றால், 'மார்க்கப்படி நான் கை கொடுப்பதில்லை, தவறாக நினைக்க வேண்டாம்' என்று ஒரே வரியில் சொல்லலாம். இந்த வரியை அந்த நாட்டு மொழியில் இங்கிருந்தே மனப்பாடம் செய்துகொண்டு போகட்டும்.